கயிற்றுக்குள் வளர்ந்த அருகம்புல்

தளேகாவைத் தாண்டி இருக்கிற ரோஜாத் தோட்டத்தில், விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் நம் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுப் புல் தின்னச் சொல்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். இன்னொருவர், இந்த வருஷம் நான் போக மாட்டேன், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டாராம். கோயம்புத்தூர்ப் பக்கம் விவசாயம் படித்துவிட்டு இங்கே நாற்றுப்பண்ணை வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்தப் புல்லை முதன்முதலில் மென்றவன் நான். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

நான் புனேயில் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. பிள்ளையாரை நம்பி இந்த வேலையில் சேர்ந்தேன், அவர் என்னைக் கைவிடவில்லை. தோட்டங்களைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு மரங்கள் வைத்துக் கொடுத்து, அவை தலையெடுக்கிறவரை பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. மரம் வைப்பது சுலபம். வைத்த மரத்தைப் புல்லிடமிருந்து காப்பாற்றுவதுதான் வேலையே. அதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நான் விளக்கப் போவதில்லை.

அந்த ரோஜாத் தோட்டம் சுனந்தா என்கிற அம்மாவுடையது. தாயி என்று கூப்பிடுவோம், மராட்டியில் அக்கா என்று அர்த்தம். இது நடந்ததற்கு முந்தின வருஷம் மழைக்கு முன்னால் அடித்த காற்றில் அவருடைய பாலிஹவுசின் பிளாஸ்டிக் கூரை கிழிந்து, பாதித் தோட்டம் வெயிலிலும் மழையிலும் நாசமாகிவிட்டது. அதனால்தான் மேற்கு எல்லை நெடுக எங்களைக் கூப்பிட்டுச் சவுக்கு வைத்தார். மழை தொடங்கியதும் நட்டோம். கன்றுகள் நன்றாகத்தான் பிடித்தன. ஆனால் சொட்டுநீரும் உரமும் கன்றுக்கு மட்டுமா போகிறது? அருகம்புல் முழங்கால் அளவு எழுந்துவிட்டது. இங்கே அதைத் துர்வா என்பார்கள். பாருங்கள், நாம் காலையில் பிள்ளையார் தலையில் வைத்துக் கும்பிடுகிற அதே புல்லைத்தான் மத்தியானம் வயலில் நின்று திட்டுகிறோம். இந்தத் தொழிலில் எனக்கு அது எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்த விஷயம்.

பக்கத்து ஊரிலிருந்து மங்கள்பாய் என்கிற பெண்மணி ஒரு கூட்டத்தை அழைத்துவந்து களையெடுப்பார். அவர் வாய்க்குப் பயந்து தாயியே ஒதுங்கிப் போவார். அந்த ஆவணியில் மழை விடவே இல்லை. எடுத்த இடத்தில் திரும்பவும் புல். கணபதி பண்டிகை நெருங்க நெருங்க வீட்டு வேலை என்று பெண்கள் வருவதும் குறைந்தது. தாயிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, என் மரம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியலை. அடுத்த காத்து வர்றதுக்குள்ள இது வளரணும். மருந்து அடிங்க" என்றார்.

அவர் மராட்டியில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். அங்கே எல்லாரும் மராட்டிதான்.

களைக்கொல்லி அடித்தோம். செல்வம் என்று நம்மிடம் இருந்த தெளிப்பு ஆள், அவனும் கட்கிப் பையன்தான், கன்றின் மேல் ஒரு துளி படாமல் மூடி போட்டுச் சுத்தமாக அடித்தான். மழை விட்டிருந்த ஒரு முழுப் பகல் கிடைத்தது. முடித்துவிட்டு அந்த வரிசையைச் சுற்றிக் கயிறு கட்டினான். களையெடுக்க வந்திருந்த இரண்டு மூன்று பெண்களிடம், "கயித்துக்கு உள்ள யாரும் கால் வைக்கக் கூடாது, ஆடு மாடு விடக் கூடாது" என்று சொன்னான். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கத்தானே டாங்க்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அவன் அடித்தபோது அவர்கள் பாலிஹவுசுக்குள் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒன்றை மறக்காதீர்கள். அந்த மருந்து பட்ட புல் உடனே வாடாது. சில நாட்கள் பச்சையாகவே நிற்கும், பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

சதுர்த்திக்கு முந்தின நாள் காலை. தாயியின் டெம்போ ரோஜாப் பெட்டிகளோடு புனே மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் ஒரு பையைக் கொடுத்தார். மங்கள்பாய் கொடுத்தனுப்பியதாம். என் மனைவி வாங்கித் தாம்பாளத்தில் கொட்டினாள்.

"ஏங்க, வந்து பாருங்க. இன்னா தளதளன்னு இருக்குது! மார்க்கெட்ல விக்கிறாங்களே, மஞ்சப் பூத்துப்போயி… இதுல பிள்ளையாருக்கு மாலையே கட்டலாம்."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வரப்புப் புல் அப்படி இருக்காது, ஆடு மேய்ந்து குட்டையாக இருக்கும். விலக்கிப் பார்த்தபோது புல்லுக்கு நடுவே ஒரு சவுக்கு ஊசி கிடந்தது. அந்தத் தோட்டத்தில் சவுக்கு இருப்பது ஒரே இடத்தில்தான்.

நாங்கள் மருந்து அடித்த வரிசையில். வாசலுக்கு ஓடி டிரைவரை நிறுத்தினேன்.

"எங்க பறிச்சாங்க இதை?"

"கயிறு கட்டியிருக்கே, அங்கதான் அண்ணா. ஊருக்கே அங்கருந்துதான் போச்சு. காலடி படாத புல், ஆடு வாய் வைக்காத புல்லுன்னு மங்கள்பாய்க்கு ஒரே சந்தோஷம்."

மனைவியிடம் அதைத் தொடாதே, கையைச் சோப்பு போட்டுக் கழுவு, தாம்பாளத்தையும் கழுவு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "நாளைக்குச் சதுர்த்தி. இன்னா பேச்சு இது?" என்றாள். விளக்க நேரமில்லை. மங்கள்பாய்க்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. தாயி எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு, "நீங்க வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டார்.

கட்கி ஸ்டேஷனில் தளேகாவுக்கு லோக்கல் ரயில் பிடித்தேன். பண்டிகைக் கூட்டம். மடியில் கணபதி பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. சின்னக் கணபதி, முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நாளைக்குப் பூஜையில்தான் திறப்பார்கள். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு வந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்து கதவோரம் போனேன், அங்கேயும் நிற்க முடியவில்லை. இந்தப் புல்லைச் சாமிக்கு வைப்பதோடு விடுவார்களா? தீர்த்தத்தில் போடுவார்கள், மோதகத்தின் மேல் வைப்பார்கள். பாலில் முக்கித் தெளிப்பார்கள். பிறகு அந்தத் தீர்த்தத்தைக் கையில் வாங்கிக் குடிப்பார்கள், குழந்தைகள் முதல். அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். தெரியாது என்பதுதான் என்னை அரித்தது. பிள்ளையாரப்பா, யாரும் இன்னும் வாயில் வைத்திருக்கக் கூடாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

தாயி தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். அன்று ஹர்த்தாலிகா. இங்கே சதுர்த்திக்கு முந்தின நாள் பெண்கள் பட்டினி விரதம் இருப்பார்கள். அவரும் விரதம். உதடு காய்ந்திருந்தது.

"அண்ணா, நான் யோசிச்சிட்டேன். புல் வாடிப்போச்சு, புதுசு கொண்டு வந்திருக்கோம், பழசைக் குடுங்கன்னு வீடு வீடாச் சொல்லி வாங்கிடலாம். மருந்துன்னு சொல்ல வேண்டாம்."

"தாயி…"

"சாமிப் புல்லுல விஷம் வச்சவள்னு என் பேர் ஊர்ல நிக்கும். மங்கள் அப்புறம் இந்தப் பக்கம் கால் வைப்பாளா? யாரு களை எடுப்பாங்க? மரமும் போகும், வர்ற வருஷம் கூரையும் போகும். உங்களுக்கு இன்னொரு தோட்டம் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. வேகமாக வேலை முடியும், யார் மனமும் நோகாது. தலையாட்டக்கூடப் போனேன். அப்போது பார்த்தால் ரோட்டில் ஒரு கிழவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஆடு வாயில் ஏதோ பச்சையாக மென்றுகொண்டே போகிறது.

"தாயி, வாடிப்போச்சுன்னு சொன்னா, பழசை நமக்கு ஏன் திருப்பிக் குடுப்பாங்க? வாடின புல்லை ஆட்டுக்குப் போடுவாங்க, பசுவுக்குப் போடுவாங்க. அந்தப் பாலைக் கொழந்தை குடிக்கும். கை கழுவணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இது பொய் சொல்லி வாங்குற சாமான் இல்லை."

தாயி என்னைப் பார்க்கவில்லை, மேற்கே அந்தச் சவுக்கு வரிசையைப் பார்த்தார். புல் பச்சையாக, காற்றில் அழகாக அசைந்துகொண்டிருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்போ நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றார்.

மங்கள்பாய் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். மணலில் சிவலிங்கம் பிடித்து, சுற்றி இலை தழைகள், ஒரு தட்டில் கட்டுக் கட்டாய்த் துர்வா. இருபத்தோரு புல்லாக எண்ணி நூல் சுற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மங்கள்பாய் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"வாங்க அண்ணா! பை வந்துச்சா? உங்க கணபதிக்குன்னு நல்லதாப் பொறுக்கி அனுப்பினேன்."

தாயி நேராகச் சொன்னார். கயிற்றுக்குள்ளே மருந்து அடித்திருக்கிறது, அந்தப் புல்லை யாரும் தொடாதீர்கள், பூஜைக்கு வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். அவ்வளவுதான் சொன்னார். ஒரு பெண் மெதுவாகத் தட்டிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மங்கள்பாய் என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளு என்ன சொன்னான்? உள்ள கால் வைக்காதேன்னான். நாங்க கால் வைக்கலை. செருப்பைக் கழட்டிட்டு, கயித்துக்கு வெளிய உக்காந்து, கையை நீட்டிப் பறிச்சோம். ஆடு போகாத இடம், மிதிபடாத இடம். சாமிக்கு இதைவிடச் சுத்தமான எடம் எதுன்னு நினைச்சோம். இப்ப வந்து விஷம்ங்கிறீங்க!"

"தப்பு எங்க மேலதான் தாயி…"

"என்னைத் தாயின்னு கூப்பிடாதீங்க. எதுக்குக் கயிறுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா? எங்களுக்குப் புரியாதுன்னா?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. "எத்தனை வீட்டுக்குப் போயிருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதி ஊருக்கு. ஊர்க் கணபதிப் பந்தலுக்கு ஒரு கூடை."

பிறகு அவரே சொன்னார், கோபம் குறையாமலே: "சாமிக்குன்னு குடுத்ததை வெறுங்கையோட போயித் திருப்பிக் கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க. முதல்ல புதுப் புல். அப்புறம்தான் வாசல்படி ஏறணும்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. அங்கே நல்ல அருகு கிடக்கும், குட்டையாக இருந்தாலும் நல்லது. விரதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காத அந்தப் பெண்கள் அத்தனை பேரும் தூறலில் அங்கே போனார்கள். நானும் தாயியும் போனோம். பறிக்கக் குனிந்த ஒரு பெண் நிமிர்ந்துவிட்டாள்.

"இதுல அடிக்கலைன்னு என்ன நிச்சயம்? அதுவும் பச்சையாத்தானே இருந்துச்சு?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். தாயி, "இது என் நிலமே இல்லை, இங்க யாரு அடிப்பா?" என்றார். யாரும் அசையவில்லை. வார்த்தை அன்றைக்குச் செல்லாது என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சரிவு எனக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டங்களுக்குப் பல வருஷமாக அந்த வழியாகத்தான் நடக்கிறேன். செருப்பைக் கழற்றினேன். குனிந்து ஒரு புல்லைப் பறித்தேன். மழைத் தண்ணீரில் உதறினேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு வாயில் போட்டு மென்றேன். கொஞ்சம் இனிப்பு, பிறகு ஒரு கசப்பு. விழுங்கினேன்.

மங்கள்பாய் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து பறிக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் வீடு வீடாக. தாயி முன்னால், நான் பின்னால் சாக்கோடு, மங்கள்பாய் புதுக் கட்டுகளோடு. ஒவ்வொரு வாசலிலும் தாயி முழுதாகச் சொன்னார், ஒரு வார்த்தையைக்கூட முழுங்கவில்லை. சில வீட்டில் திட்டினார்கள். "காத்தைத் தடுக்க மரம் வச்சீங்க, எங்களை எதுக்குத் தடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஒரு வீட்டில் ஏற்கெனவே தீர்த்தச் சொம்பில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னும் யாரும் குடிக்கவில்லை. அந்த அம்மாள் சொம்போடு தூக்கி என் கையில் கொடுத்தார். பந்தலில் பையன்கள் கூடையைத் தொடவே இல்லை, ஈரத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த ஆட்டுக்காரக் கிழவர் மட்டும், "என் ஆடு தின்னுடுச்சே!" என்று உட்கார்ந்துவிட்டார்.

சேர்த்ததைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. சாமிக்கென்று எண்ணிக் கட்டிய புல். ஆற்றில் விடவும் கூடாது. கயிற்றுக்கு உள்ளேயே ஒரு குழி வெட்டி, மன்னிப்பு கேட்டுப் புதைத்தேன். செல்வமும் வந்திருந்தான். மண்ணைத் தள்ளியது அவன்தான்.

கிளம்பும்போது மங்கள்பாய் எனக்கு ஒரு கட்டுப் புல் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கு அருகம்புல் இல்லை. என் மனைவி, "பரவால்லீங்க, அட்சதை போதும், அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். எனக்குத்தான் அந்த வெறும் தலையைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று தினமும் மங்கள்பாய்க்குப் போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார், "இருக்கு" என்று வைத்துவிட்டார். ஒருநாள், "ஆடு நல்லா இருக்கு அண்ணா. உங்களைத்தான் விசாரிச்சுது, ஏன் இப்படித் தூங்காம இருக்கார்னு" என்றார். பின்னால் அவர் கூட்டம் சிரிப்பது கேட்டது. அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

கணபதியைக் கரைத்த பிறகும் கொஞ்ச நாள் அவர்கள் வேலைக்கு வரவில்லை. மருந்து பட்ட புல் மஞ்சளாகிச் சாய்ந்தது, ஆனால் ஓரத்திலிருந்து புதுப் புல் கன்றுகளை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. தாயியும் செல்வமும் குனிந்து பிடுங்கினார்கள், சமாளிக்க முடியவில்லை. ஒரு காலையில் மங்கள்பாய் கூட்டத்தோடு வந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தாயி கையில் கொடுத்தார்.

"இனிமே இந்த வரிசைக்குள்ள மருந்து வேண்டாம். ஒவ்வொரு மரத்தடியிலயும் நாங்க கையால எடுத்து, எடுத்த புல்லை அங்கேயே மண்ணு மேல மூடாக்காப் போடறோம். கடைசி ஓரத்துல ஒரு துண்டு சாமிக்கு விட்டுடுங்க. அப்புறம் இன்னொண்ணு. வருஷா வருஷம் பறிக்கறதுக்கு முன்னாடி, மரத்தைப் பாக்கற ஆளு யாரோ, அவரு வந்து எங்க எதிர்ல ஒரு புல்லு மெல்லணும்."

தாயி என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

அடுத்த வருஷம் போய் மென்றேன். மங்கள்பாய் அன்றைக்கு ஒரு கட்டைப் பறித்து, நூல் சுற்றி, என் பையில் வைத்தார். கட்கி வரும்வரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். ஓய்வு பெறும்வரை ஒரு வருஷமும் தவறவில்லை. அந்தச் சவுக்கு இப்போது பாலிஹவுஸ் உயரத்தைத் தாண்டிவிட்டது. காற்று வந்தால் மேலேயே இரைந்துவிட்டுப் போய்விடுகிறது.

பிள்ளைகளே, இந்தச் சதுர்த்திக்கும் அவர்கள் உங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கடைசித் துண்டில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மங்கள்பாய்க்கு இப்போது முழங்கால் வலி, ஆனாலும் அவரே குனிந்து ஒரு புல்லைப் பறித்து நீட்டுவார். சிரிக்காதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாயில் போட உங்கள் கை தயங்கினால், எங்கேயோ யாரோ எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது மெல்லாதீர்கள். அந்த இடத்திலேயே, அத்தனை பேர் எதிரிலும் சொல்லிவிடுங்கள். தயங்கவில்லை என்றால் மென்று விழுங்குங்கள். அவர் உங்கள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது இறங்கிய பிறகுதான் ஊர் அந்தப் புல்லுக்குக் கை நீட்டும்.